ஹார்மோன்: இயக்குநீரா, வளரூக்கியா?

தேவிபட்டினத்துல எங்க தெரு அக்கா ஒருத்தங்க சினையா இருக்க செவலைக் கிடாரியக் காட்டி, "தம்பி, வெளிநாட்டுல மாட்டுக் காதுல ஹார்மோன் வளர்ச்சி ஊசி போடுறாங்களாமே, போன்ல பாத்தேன், இதுக்குப் போட்டா கன்னு பெருசா பொறக்குமா"ன்னு கேட்டாங்க. ஏழு மாசச் சினை, விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கு, அவங்க ஆசை புரியுது. ஆனா 'வளர்ச்சி'ங்கிற சொல்லு அவங்கள சத்து ஊசின்னு நெனைக்க வச்சிருச்சு, அதான் எனக்குப் பயம்.

ஹார்மோன்ங்கிற பேர 1905ல லண்டன்ல ஒரு சொற்பொழிவுல எர்னஸ்ட் ஸ்டார்லிங்ங்கிற இங்கிலாந்து உடலியல் அறிஞர் முதல்ல சொன்னாரு. கிரேக்க மூலத்துக்கு அர்த்தம் கிளப்பிவிடுறது, நம்ம பேச்சுல உசுப்பிவிடுறது. தமிழ்ல வளரூக்கின்னும் சொல்றாங்க, இயக்குநீர்னும் சொல்றாங்க. ஊக்குறதுன்னா உசுப்புறதுதான், அந்தப் பாதி கச்சிதம், ஆனா முன்னால 'வளர்' வந்து ஒட்டிக்கிட்டதுதான் தப்பு, ஏன்னா ஹார்மோனுக்கு வளத்துறது மட்டுமா வேலை? கன்னு கருப்பையில தங்குறதே புரோஜெஸ்டிரான்ங்கிற ஹார்மோன் தயவுலதான். அதனால ஹார்மோனுக்கு இயக்குநீர்தான் என் ஓட்டு. காதுல வைக்கிற சரக்குக்கு வளர்ச்சியூக்கின்னு தனியா பேர் வச்சுக்கலாம்.

அது நெசத்துல ஊசி மருந்தே இல்ல. காது மடலுக்குப் பின்னால தோலுக்கடியில குட்டிக் குட்டி மாத்திரைகள நுழைச்சு விடுவாங்க, மாசக்கணக்குல கரையும். உள்ள இருக்கிறது ஈஸ்ட்ராடயால், டிரென்போலோன் மாதிரி பாலின இயக்குநீருங்க. அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுல கறிக்கு வளக்குற மாட்டுக்குத்தான் அது. ஐரோப்பாக்காரங்க அப்படி வளத்த கறிய 1989லேருந்து உள்ளயே விடல.

சினை மாட்டுக்கு வச்சா? ஈஸ்ட்ரோஜன் வகை மடியப் பருக்க வைக்கும், பிறப்புறுப்பு வெளிய தள்ளலாம், சினை கலையவும் கலையலாம். டிரென்போலோன் ஆண் இயக்குநீர் மாதிரி வேலை செய்யும், ஈத்து சிக்கலாகும், வயித்துல இருக்கிறது கிடாரிக் கன்னா இருந்தா அதோட பிறப்புறுப்பு காளை மாதிரி திரிஞ்சு பொறக்கலாம். பொறந்த கன்னையும் நாளைக்கு சினைக்கு வச்சுக்கப் போறோம்னா அதுக்கும் வைக்கக் கூடாது.

அக்காகிட்ட 'உசுப்புறது'ன்னு சொன்ன ஒடனே அவங்களே கிடாரி வயித்துல கைய வச்சுக்கிட்டு, "உள்ள தூங்குற புள்ளைய உசுப்புவாங்களா"ன்னாங்க. கடலைப் புண்ணாக்கும் தாது உப்பும் எவ்வளவு வைக்கணும்னு கால்நடை டாக்டர்கிட்ட கேக்க காலையில கெளம்புறோம்.