ஹெப்பாரினுக்குள் ஒளிந்திருந்த வேறொரு சர்க்கரை

வாரம் இரண்டு நாள் காட்பாடியிலிருந்து அத்தையை வேலூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிவருகிறேன். ஊசி குத்தி ரத்தம் குழாயில் ஏறும் நேரத்தில், சிஸ்டர் ஒரு சின்னக் குப்பியிலிருந்து தண்ணீர் போன்ற மருந்தை சிரிஞ்சில் இழுத்து மெஷினோடு இணைப்பார். அதுதான் ஹெப்பாரின். உடம்பைவிட்டு வெளியே வந்த ரத்தம் குழாயிலும் வடிகட்டியிலும் கட்டிக்கொள்ளாமல் ஓடுவதற்கு அதுதான் காவல்.

குப்பியின் மேல் 'ஒரு மில்லியில் 5000 யூனிட்' என்று இருக்கும். யூனிட் என்பது எடை அல்ல, வேலைத்திறன். ரத்தம் உறைவதை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்ற கணக்கு அது. அந்தக் கணக்குக்குள்தான் ஒரு காலத்தில் ஓட்டை இருந்தது.

ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. அது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளமான சங்கிலி; உடலெங்கும் கந்தகச் சேர்மமான சல்பேட்டை ஏற்றிக்கொண்டிருக்கும். ஒரு சங்கிலி நீளம், இன்னொன்று குட்டை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதால், 'இதுதான் ஹெப்பாரின்' என்று ஆள் அடையாளம் காட்டுவது கடினம். அதனால் பழைய பரிசோதனை, வேலையை மட்டும் பார்த்தது. ஆட்டு ரத்தத்தின் பிளாஸ்மாவில் மருந்தைக் கலந்து, உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தார்கள்.

பாலுக்கு லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பதுபோலத்தான் இதுவும். அடர்த்தியை மட்டும் பார்க்கும் கருவியை, தண்ணீரோடு சர்க்கரையையும் கலந்து ஏமாற்றிவிடலாம்.

2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலும் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மருந்து ஏறிய சிறிது நேரத்திலேயே பிரஷர் சரிந்தது, மூச்சு முட்டியது. குறைந்தது 81 மரணங்களுக்கு இதோடு தொடர்பு இருக்கலாம் என்று கருதப்பட்டது. மூலப்பொருள் சீனாவிலிருந்து வந்திருந்தது. பிரச்சினைக்குரிய குப்பிகள் பழைய பரிசோதனையில் தேறியவை. எனக்கு இன்றும் நெஞ்சு பதறுவது இந்த இடத்தில்தான்.

உள்ளே இருந்த வேற்றாள், மிகைச் சல்பேட் ஏற்றிய காண்ட்ராய்ட்டின். குருத்தெலும்பில் கிடைக்கும் காண்ட்ராய்ட்டின் சங்கிலியில் வேதியியல் முறையில் சல்பேட்டை மேலும் மேலும் ஏற்றிச் செய்தது. விலை மிகக் குறைவு. அதுவும் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் என்பதால் ஆட்டுப் பிளாஸ்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சல்பேட் கொண்டுவரும் அந்த மிதமிஞ்சிய எதிர்மின்னூட்டம் ரத்தத்தில் கல்லிக்ரீன் என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. அது பிராடிகைனின் என்ற பொருளை விடுவிக்க, ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் விழுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இராம் சசிசேகரனும் சக ஆய்வாளர்களும் 2008இல் இதை வெளிப்படுத்தினார்கள்.

பிடித்துக் கொடுத்தது என்.எம்.ஆர். என்ற கருவி. கொசப்பேட்டையில் பானை வாங்கப் போனால் விரலால் சுண்டிப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதே வித்தைதான். மருந்தை வலுவான காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் ஒரு சுண்டு சுண்டினால், அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பதிலுக்கு ஒலிக்கும். பக்கத்தில் எந்த அணு உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றின் சுருதியும் இம்மியளவு மாறும். இரண்டு சங்கிலியிலும் அசிட்டைல் என்ற சிறு தொகுதி உண்டு. சுருதிகளை அளவுகோலில் வரிசைப்படுத்திக் காட்டும் வரைபடத்தில், ஹெப்பாரினில் அதன் குரல் 2.05 என்ற புள்ளிக்கு அருகே எழும்; மிகைச் சல்பேட் காண்ட்ராய்ட்டினில் 2.15 பக்கம் எழும். தூய ஹெப்பாரினுக்கு அந்த இடத்தில் மேடு இருக்கக் கூடாது. சந்தேகக் குப்பிகளில் அங்கே ஒரு முனை நிமிர்ந்து நின்றது.

அதன்பின் மருந்துத் தரநூல்கள் மாறின. ஆட்டுப் பிளாஸ்மாவை நம்பிய பரிசோதனை போய், உறைவுக் காரணிகளை ஹெப்பாரின் குறிப்பாகத் தடுக்கிறதா என்று பார்க்கும் அளவீடு வந்தது. அதோடு என்.எம்.ஆர். வரைபடமும், மின்னூட்டத்தை வைத்துச் சங்கிலிகளைப் பிரித்துக்காட்டும் பரிசோதனையும் சேர்ந்தன. 'என்ன வேலை செய்கிறாய்' என்பதோடு 'நீ யார்' என்ற கேள்வியும் கட்டாயமாயிற்று.

அத்தைக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அதுக்குத்தான் அந்தப் பொண்ணு முதல் அரை மணி நேரம் நகராம பிரஷர் பாக்குதா?" என்று கேட்டார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு அத்தை, ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். கையில் சுற்றிய பட்டை உப்பி இறங்கியது. 130க்கு 80.