பெட்டி வரைவதற்கு முன் கேள்வி கேளுங்கள்

மென்பொருள் பொறியாளர்களுக்கு நேர்முகத் தேர்வு நடத்துவது என் வேலையில் ஒரு பகுதி. நாகர்கோவிலுக்கு வரும்போது, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் பெங்களூரிலும் வேலை பார்த்தபடி அடுத்த நிறுவனத்துக்குத் தயாராகும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வும் வைப்பதுண்டு. நிரல் எழுதும் சுற்றில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சறுக்குவது, ஒரு மென்பொருள் அமைப்பை முழுதாகத் திட்டமிடச் சொல்லும் சிஸ்டம் டிசைனிலும், பணி அனுபவத்தைத் துருவும் பிஹேவியரல் சுற்றிலும்தான்.

நான் வழக்கமாகக் கேட்பது இது: விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுக்கு இணையவழி முன்பதிவு அமைப்பை வடிவமையுங்கள். கேட்டு முடிப்பதற்குள் பலகையில், அமைப்பின் பாகங்களைக் குறிக்கும் பெட்டிகள் முளைத்துவிடும். வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்சர், செய்திகளை வரிசைப்படுத்திக் கடத்தும் காஃப்கா, தனித்தனியாக இயங்கும் சிறு நிரல்களான மைக்ரோசர்வீஸ் ஐந்தாறு. இவ்வளவும் எதற்கு என்றால் பதில் வராது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சபரிமலை சீசனில் நாளொன்றுக்கு 15,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் திறப்பது, பதிவது என்று ஆளுக்குப் பத்துக் கோரிக்கை சர்வருக்கு வந்தால் 1,50,000. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். சராசரியாக நொடிக்கு இரண்டுகூட வராது. பாதிக் கூட்டம் ஒரே மணி நேரத்தில் மொய்த்தாலும் நொடிக்கு 21தான். ஒரே டேட்டாபேஸ் தாராளமாகத் தாங்கும்.

சிக்கல் இருப்பது வேறு இடத்தில். கடைசி இருக்கையை இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால்? மீதி இருக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை என்று டேட்டாபேஸுக்கு ஒரே கட்டளையில் முடிக்க வேண்டும். முதலில் படித்து, பிறகு எழுதினால் இருவருக்கும் டிக்கெட் போய்விடும். பணம் கட்டும்வரை பிடித்துவைத்த இருக்கை பத்து நிமிடத்தில் விடுபட்ட பின் பணம் வந்து சேர்ந்தால்? பணம் வந்தது என்ற வங்கியின் அதே தகவல் இருமுறை வந்தால் இரண்டு டிக்கெட்டா?

எல்லாவற்றையும் விட, கடல். கடல் உள்வாங்கினாலோ சீற்றம் கண்டாலோ படகை நிறுத்திவிடுவார்கள் என்பது கொட்டாரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் “சேவை ரத்தானால் பணத்தைத் திருப்புவதா, அடுத்த படகுக்கு மாற்றுவதா?” என்று கேட்பவர் அபூர்வம். அதைக் கேட்பவருக்கு நான் பாதி மதிப்பெண்ணை அங்கேயே போட்டுவிடுவேன்.

பிஹேவியரல் சுற்றில் நம்மவர்களின் மரியாதையே குறுக்கே நிற்கிறது. மேலதிகாரியோடு கருத்து வேறுபட்ட சம்பவம் ஒன்றைச் சொல்லச் சொன்னேன். “அப்படி ஒன்றும் வந்ததில்லை சார்” என்றார் மார்த்தாண்டத்து இளைஞர். துருவியபோதுதான் வெளிவந்தது: வெள்ளிக்கிழமை மாலை புதிய பதிப்பை வெளியிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், மேலதிகாரி கேட்கவில்லை. இவர் வாதாடாமல், பழைய பதிப்புக்குத் திரும்பும் ஸ்கிரிப்டை எழுதிச் சோதித்து வைத்திருக்கிறார். அன்றிரவே அது தேவைப்பட்டது. இதைவிட நல்ல பதில் எது? பெரியவரைக் குறை சொன்னதாகிவிடுமே என்று மறைத்திருக்கிறார். யாரையும் குறை சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும்.

பதிலைச் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் சொல்வது உதவும்தான். ஆனால் மனப்பாடம் இரண்டாவது குறுக்குக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். ஐந்தாறு சம்பவங்களை எடுத்து, எந்த வழியைக் கைவிட்டீர்கள், ஏன், எந்த எண் மாறியது என்று எழுதி வையுங்கள். அமேசான் தன் 16 தலைமைக் கோட்பாடுகளைத் தன் தளத்திலேயே வெளியிட்டிருக்கிறது. அங்கே தேர்வுக்குப் போகிறவர்கள் அதைப் படிக்காமல் போவது சோம்பல்.

பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயரையோ உள்விவரங்களையோ மட்டும் உளறிவிடாதீர்கள். “ஒரு வங்கிக்காகச் செய்தது” என்றால் போதும்.