கேட்ச் பிளாக்கில் பூஜ்யம் போடாதீர்கள்

படிப்பு முடித்து மதுரையில் எங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளின் ஜாவா கோடில் நான் முதலில் தேடிப் பார்ப்பது கேட்ச் பிளாக்கைத்தான், அதாவது பிழை வந்தால் மட்டும் ஓடும் பகுதியை. டெக்ஸ்ட் பாக்ஸில் வந்ததை, எழுத்தை முழு எண்ணாக மாற்றும் பார்ஸ்இன்ட்டுக்கு அப்படியே கொடுத்திருப்பார்கள். அது 'இது எண் இல்லை' என்று நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன் என்ற பிழையை வீசினால், கேட்சில் 'அளவு = 0'. புரோகிராம் நிற்காது, டெமோவும் நன்றாகவே ஓடும். ராத்திரி கணக்கு முடிக்கும்போது கடைக்காரர் தலையில்தான் விடியும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை அவசரத்தில் பில் போடுகிறவர் என்னவெல்லாம் அடிப்பார்? "12" அடித்து ஒரு ஸ்பேஸ். "1,20,000". "5கிலோ". மூன்றையும் பார்ஸ்இன்ட் ஏற்காது. ஸ்பேஸுக்கு, ஓரத்து இடைவெளியை வெட்டும் ட்ரிம் போதும். கமாவைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். கீபோர்டில் கமாவும் புள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 5.75 என்பதற்கு 5,75 என்று விழுந்தால், கமா போனதும் 575 கிலோ மல்லிகை! கடைசிக் கமாவுக்குப் பின் சரியாக மூன்று இலக்கம் இருந்தால் மட்டும் நீக்குங்கள்.

"5கிலோ"வை நாமாகத் திருத்தவே கூடாது, திருப்பிக் கேட்க வேண்டும். சி++ மொழியில் இதே வேலையைச் செய்யும் எஸ்டிஓஐ அதைச் சத்தமில்லாமல் 5 என்று எடுத்துக்கொள்ளும். "5.75" கொடுத்தாலும் 5தான். முக்கால் கிலோ மல்லிகை போயே போச்சு. (எடையை கிராமில் வாங்கினால் இந்த வம்பே இல்லை.)

செல்போன் எண்ணை இன்ட் என்ற முழு எண் வகையில் வைக்கிறவர்களும் உண்டு. இன்ட்டின் உச்சம் 2147483647. 6 முதல் 9 வரை எதில் தொடங்கினாலும் நம் பத்து இலக்க எண் அதில் அடங்காது. கூட்டவோ கழிக்கவோ போவதில்லையே, ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துத் தொடராகவே, இருக்கட்டும்.

கன்சோலில், அடிப்பதைப் படிக்கும் ஜாவாவின் ஸ்கேனர் வேறு மாதிரி படுத்தும். அதன் நெக்ஸ்ட்இன்ட் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எண்டரை விட்டுவிடும். அடுத்து வரும், முழு வரியைப் படிக்கும் நெக்ஸ்ட்லைனுக்கு வாடிக்கையாளர் பெயர் வெறுமையாகக் கிடைக்கும். எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தாலோ நெக்ஸ்ட்இன்ட் அதை நகர்த்தாமலேயே எக்செப்ஷன் வீசும். லூப்பில் இருந்தால் அதே எழுத்தில் சுற்றிக்கொண்டே கிடக்கும். முழு வரியையும் நெக்ஸ்ட்லைனில் வாங்கி, பிறகு மாற்றுங்கள்.

இன்னொன்று, பார்ஸ்இன்ட் "௧௨" என்ற தமிழ் எண்ணையும் 12 என்றே படிக்கும். சோதித்துப் பாருங்கள்.

இந்தச் சரிபார்க்கும் வேலையை ஒவ்வொரு ஃபார்மிலும் எழுதாமல் 'அளவு' என்று ஒரு கிளாஸில் வையுங்கள். சரியான மதிப்பு இல்லாமல் அதன் ஆப்ஜெக்ட் உருவாகவே கூடாது. தவறினால் 'இன்வாலிட் இன்புட்' என்று மிரட்டாமல், "அளவு: எண் மட்டும். நீங்கள் அடித்தது: 5கிலோ" என்று காட்டி, கர்சரை அதே கட்டத்தில் நிறுத்துங்கள்.