கிரீன் லைன்: பச்சைக்கோடா, பச்சை எல்லையா?

சென்னையில் ‘கிரீன் லைன்’ என்றால் சென்ட்ரலில் இருந்து பரங்கிமலைக்குப் போகும் மெட்ரோ. ஜெருசலேமில் அது ஒரு பென்சில் கீறல்.

1948 அரபு-இஸ்ரேல் போரில் சண்டையை நிறுத்த, நவம்பர் 30 அன்று இஸ்ரேல் தரப்பில் தளபதி மோஷே தயானும் ஜோர்டான் தரப்பில் தளபதி அப்துல்லா அல்-தல்லும் ஒரே வரைபடத்தில் அவரவர் படை நின்ற இடத்தைக் குறித்தார்கள். தயான் கையில் பச்சைப் பென்சில், மற்றவர் கையில் சிவப்பு. பெயரில் நிலைத்தது பச்சைதான். வரைபடத்தின் அளவு 1:20,000. அதில் கோடு 3, 4 மில்லிமீட்டர் தடித்திருந்தால் தரையில் 60 முதல் 80 மீட்டர். ஒரு தெருவையே விழுங்கிவிடும். அந்தத் தடிப்புக்குள் அகப்பட்ட வீடு யார் பக்கம்? பென்சில் பிடித்தவர்கள் அதையெல்லாம் யோசித்த மாதிரி தெரியவில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘பசுமைக் கோடு’ மரம் நடும் திட்டம் போல ஒலிக்கிறது. ‘பச்சை எல்லை’ அதைவிட மோசம். பின்னாளில் வரக்கூடிய எல்லைத் தீர்வை இந்தக் கோடு கட்டுப்படுத்தாது என்று இஸ்ரேலும் ஜோர்டானும் செய்துகொண்ட 1949 போர்நிறுத்த உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே பச்சைக்கோடு, சட்டம் பேசும் இடத்தில் போர்நிறுத்தக் கோடு. சைப்ரஸின் நிகோசியாவை 1963 கடைசியில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் பச்சைப் பென்சிலால் பிரித்தாரே, அதற்கும் இதே பெயர் பொருந்தும்.

‘கோடு’ எனக்குப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. கோடுதல் என்றால் வளைதல். விலங்கின் கொம்பு, மரக்கிளை, குளக்கரை எல்லாமே பழந்தமிழில் கோடுதான். அரசன் நடுநிலை தவறினால் கோல் கோடியது என்பார்கள்.

அப்புறம், இது கலை உலகத்துக்கும் தெரிந்த பெயர். பெல்ஜியத்தில் பிறந்து மெக்சிகோ சிட்டியில் வாழும் கலைஞர் பிரான்சிஸ் அலீஸ், 2004 ஜூனில் ஓட்டை போட்ட பெயின்ட் டப்பாவோடு ஜெருசலேமில் அந்தக் கோட்டுவழியே நடந்தார். 24 கிலோமீட்டருக்கு 58 லிட்டர் பச்சை பெயின்ட். 1967 போரில் இஸ்ரேல் கிழக்கு ஜெருசலேமையும் பிடித்த பிறகு முள்வேலிகளை எடுத்துவிட்டதால் நகருக்குள் கோடு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. நடந்ததைப் படமாக்கி இஸ்ரேலியருக்கும் பாலஸ்தீனருக்கும் போட்டுக்காட்டி, அவர்கள் சொன்னதையும் பதிவு செய்தார். தரையில் ஒழுகிய பெயின்ட் மெல்லிய ஒரு இழைதான். அதுவும் நேராக இல்லை. அவர் கை ஆடிய பக்கமெல்லாம் கோடிக்கொண்டே போனது.