நூலில் கோத்த மகரந்தம்

இலங்கையின் ஹோட்டன் சமவெளியில் மகரத்மல் மரத்தடியில் விழுந்து கிடக்கும் பூ ஒன்றைக் குனிந்து பாருங்கள். சிவப்பு மணி போன்ற பூவுக்குள் பத்துக் கேசரங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசி குத்தியது போல இரண்டு துளைகள். அதில் விரலை ஒற்றி மெல்ல இழுத்தால், மகரந்தம் பொடியாக உதிராது. சிலந்தி நூலில் கோத்த மணி போலத் தொடராக வெளியே வரும்.

மகரத்மல் சேர்ந்த ரொடொடென்ரன் பேரினத்தின் கெட்டிக்காரத்தனமே இந்த நூல்தான். இதன் சூலகத்தில் நூற்றுக்கணக்கான சூல்வித்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மகரந்தமணி வேண்டும். மூடுபனியும் காற்றும் மாறி மாறி அடிக்கும் 2,100 மீற்றர் உயரத்தில் விருந்தாளி எத்தனை தடவை வருவார் என்று நம்ப முடியாது. ஆகவே, பூவின் அடியிலுள்ள ஐந்து கருஞ்சிவப்புப் பைகளில் தேன் குடிக்க ஒரு குருவி தலையை நுழைத்தால், நெற்றியில் ஒட்டும் நூல் ஒரு கொத்து மகரந்தத்தையே இழுத்துக்கொண்டு போகும். அடுத்த பூவின் குறியில், அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனியில், அது பட்டால், ஒரே வருகையில் பல வித்துகள் கருக்கட்டும். சிவப்பு நிறமும் குருவிக்காகத்தான். தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது.

மண்ணுக்குள்ளும் ஒரு கூட்டு நடக்கிறது. தேயிலையைப் போலவே இதுவும் அமில மண்ணில் வளரும் செடி. அங்கே குளிரில் இலைதழை லேசில் மக்காது. நைதரசன் அதற்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். முடியைவிட மெல்லிய வேர்களுக்குள் குடியிருக்கும் பங்கசு அந்தப் பூட்டைத் திறந்து நைதரசனைக் கொடுக்கிறது. செடி பதிலுக்குச் சீனி கொடுக்கிறது. வேரோடு பிடுங்கி வீட்டில் நட்டால் பெரும்பாலும் பட்டுப்போவதற்கு இந்தக் கூட்டு அறுபடுவதும் ஒரு காரணம். தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

இதே இனத்தின் உறவுகள் நீலகிரியிலும் இமயமலையிலும் உண்டு. நேபாளத்தின் தேசிய மலரும் இந்த இனமே. நம்முடையது இலங்கைக்கே உரிய துணையினம்: சுருங்கிய தடித்த இலை, அடிப்புறத்தில் பழுப்பு மெத்தை. ஈரம் சட்டென்று பறந்துவிடாமல் அந்த மெத்தை காக்கும்.

பட்டையும் தடிப்பு. பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியில் தீ ஓடினாலும் முதிர்ந்த மரம் கருகிய பட்டையோடு நின்று மறுபடி பூக்கும். தூசி போன்ற விதையிலிருந்து முளைத்த கன்றுக்கு அந்தப் பட்டை இன்னும் வந்திருக்காது.