அலமாரிக் கதவு ஏன் கோணுகிறது?

துணி அலமாரியின் இரட்டைக் கதவு ஒழுங்காக மூடவில்லை என்றால், எல்லோரும் முதலில் தேடுவது திருப்புளியைத்தான். அதற்கு முன் கதவுகளை மூடிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் தெரியும் சந்து, அதாவது இடைவெளி, எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். கோளாறு கீலிலா, அலமாரியின் பெட்டியிலா, தரையிலா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்றைய அலமாரிகளில் இருப்பது வெளியே தெரியாத கீல். தச்சர்கள் இதை ஆட்டோ ஹிஞ்ச் என்பார்கள். கதவின் உட்புறம் 35 மி.மீ. விட்டத்துக்குக் குழி எடுத்து அதில் ஒரு கிண்ணத்தைப் பதித்திருப்பார்கள். பக்கப் பலகையில் ஒரு தட்டு இருக்கும். இரண்டையும் ஒரு கை இணைக்கும். வாசல் கதவின் கீலுக்கு ஒரே அச்சுதான். இதிலோ கிண்ணத்துக்கும் கைக்கும் நடுவே இரண்டு குட்டித் தண்டுகள் இருப்பதால், கதவு திறக்கத் திறக்க அதன் சுழல் மையமே இடம் மாறுகிறது. 18 மி.மீ. தடிமன் கதவு பக்கத்துக் கதவை இடிக்காமல் விலகித் திறப்பது இப்படித்தான். மிக அழகான பொறியியல் இது.

இந்தக் கீலில் கதவை மூன்று திசைகளில் நகர்த்தலாம். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் முன் திருகு இடவலமாக நகர்த்தும். பெரும்பாலும் இருபுறமும் 2 மி.மீ. அளவுக்கு. பின் திருகு முன்பின்னாக. தட்டில் உள்ள திருகுகள் மேலும் கீழும்.

இப்போது சந்துக்கு வருவோம். மேலே நெருங்கி, கீழே விரிந்திருந்தால் கதவு தொங்கியிருக்கிறது. நிறைகுடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டால் கனம் தெரியாது, கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். கதவும் பக்கப் பலகையிலிருந்து நீட்டிய கைதான். 45 செ.மீ. அகலம், 11 கிலோ எடையுள்ள கதவுக்கு எடை மையம் கீலிலிருந்து ஏறக்குறைய 22 செ.மீ. தள்ளி இருக்கும். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் 180 செ.மீ. இடைவெளி என்றால், மேல் கீலை அது சுமார் 1.4 கிலோ விசையோடு எப்போதும் வெளியே இழுக்கிறது; கீழ்க் கீலை அதே விசையோடு உள்ளே அழுத்துகிறது. ஆளுயரக் கண்ணாடி ஒட்டிய கதவு 18 கிலோவை எட்டினால் இழுப்பு 2 கிலோவுக்கு மேல் போய்விடும். ஒரே நாளில் மாட்டிய இரண்டு கதவுகளில் கண்ணாடிக் கதவு முதலில் தொங்குவதற்குக் காரணம் இதுதான். மேல் கீலின் முன் திருகைத் திருப்பி, கதவின் மேல்பாகத்தைக் கீல் பக்கமாக இழுத்தால் சந்து நேராகிவிடும். அரைச் சுற்று திருப்புங்கள், கதவை மூடிப் பாருங்கள், அப்புறம் அடுத்த அரைச் சுற்று.

சில நேரம் சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கும், ஆனால் ஒரு கதவு மட்டும் இறங்கி, நடுவில் படி விழுந்திருக்கும். பலர் திருகோடு மல்லுக்கட்டித் தோற்பது இங்கேதான். மேலே சொன்ன உயரமான கதவில் மேல் கீலை 1 மி.மீ. நகர்த்தினால் கதவின் வெளி மூலை உயர்வது கால் மி.மீ. மட்டுமே. படியைச் சரிசெய்ய அது போதாது. நன்றாக இருந்த சந்தும் கெட்டுவிடும். முதலில் கதவின் மேல் விளிம்பைப் பாருங்கள். அது மேல் பலகைக்கு இணையாக இருந்தால் தட்டின் உயரத் திருகே போதும். கோணலாக இருந்தால் பெட்டியே சாய்ந்திருக்கிறது. 210 செ.மீ. உயரப் பக்கப் பலகை 3 மி.மீ. சாய்ந்தால் இடக்கதவின் நுனி இறங்கும், வலக்கதவின் நுனி ஏறும். இரண்டும் சேர்ந்து நடுவில் 1.3 மி.மீ. படி விழும். டேப்பை எடுத்து, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் பாருங்கள். அவை சமமில்லை என்றால் திருகைத் தொடவே வேண்டாம். இறங்கித் தெரியும் கதவின் பக்கத்து அடியில் மெல்லிய பிளைவுட் துண்டையோ பிளாஸ்டிக் துண்டையோ அண்டக் கொடுத்தாலே கதவுகள் தாமாக ஒரு மட்டத்துக்கு வந்துவிடும்.

ஒரு கதவின் மேல்பாகம் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டிருந்தாலும் முதலில் கால்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். நான்கு கால்களில் முன்கால் ஒன்று தாழ்ந்தால் அந்தப் பக்கப் பலகை முன்னே சாயும். தரை சரி என்றால் மட்டுமே பின் திருகு.

நடுக் கீல்களைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. 2 மீட்டர் கதவில் பொதுவாக 4 கீல்கள் இருக்கும். ஒரு நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளிகளே போதும். மூன்றாவதும் நான்காவதும் அந்தக் கோட்டில் இல்லையென்றால் கதவையே வளைக்கும், அல்லது கிரீச்சிடும். அதனால் நடுக் கீல்களைத் தளர்த்திவிட்டு மேல் கீலையும் கீழ்க் கீலையும் மட்டும் வைத்து முழுக்கச் சரிசெய்யுங்கள். நடுவில் இருப்பவற்றைக் கடைசியில், கதவு தானாக நிற்கும் இடத்திலேயே இறுக்குங்கள். உயரத்தை மாற்றும்போது எல்லாத் தட்டுகளையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும், கதவைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். டிரில் மெஷின் வேண்டவே வேண்டாம். மரத்தூள் பலகையில் திருகின் பிடி ஒரே முறுக்கில் போய்விடும். ஏற்கெனவே போயிருந்தால் துளையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து, காய்ந்தபின் திருகுங்கள்.

இத்தனைக்கும் மசியாத கதவு என்றால் அதன் உயரத்துக்கு நேரான ஒரு சட்டத்தை வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் சன்மைக்கா ஒட்டி உள்பக்கத்தைச் சும்மா விட்ட கதவு, மழைக்காலத்தில் ஒரு பக்கமாக ஈரத்தை உறிஞ்சி வில்லாக வளைந்திருக்கலாம். வளைவு சின்னதாக இருந்தால் பின் திருகுகளால் மேலே பாதி, கீழே பாதி என்று பிரித்துக் கண்ணில் படாமல் செய்யலாம். அதற்கு மேல் என்றால் கதவையேதான் மாற்ற வேண்டும்.