நாலு விசிலுக்கு அடங்காத மான் நோய்

கறி எதுவாக இருந்தாலும் குக்கரில் நாலு விசில் விட்டால் கிருமி எல்லாம் செத்துவிடும். பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், பெரும்பாலான கிருமிகளுக்கு இது சரியும்கூட. ஆனால் வட அமெரிக்க மான்களை உருக்கிக் கொல்லும் ‘குரோனிக் வேஸ்டிங் டிசீஸ்’ (CWD) என்கிற நோயிடம் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சாகடிக்க உயிருள்ள கிருமி என்று எதுவுமே இல்லை.

அந்த நோயைப் பரப்புவது பிரியான் என்கிற புரதம். இதன் நல்ல வடிவம் மான், மாடு, மனிதன் எல்லோர் மூளையிலும் இயல்பாகவே இருக்கிறது, அதனால் தொந்தரவு இல்லை. ஒரே வேட்டியைக் கோணலாக மடித்து வைத்தது போல, அதே புரதம் தப்பாக மடங்கிக்கொண்டால்தான் சிக்கல். கோணிப்போன புரதம் பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் கோண வைக்கும், அது இன்னொன்றை, இப்படியே போய் நரம்புச் செல்கள் செத்து மூளையே ஓட்டை ஓட்டையாகிவிடும். டி.என்.ஏ. இல்லாத ஒன்று எப்படித் தொற்றும் என்று, 1982-ல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினர் இதைச் சொன்னபோது பலரும் நம்பவில்லை. 1997-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மான்களில் இது முதலில் தெரிந்தது 1967-ல், கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்களிடம். நோய் முற்றிய மான் மெலிந்துகொண்டே போகும், காது தொங்கும், வாயில் எச்சில் வடியும், ஆளைக் கண்டாலும் மிரண்டு ஓடாது. மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், இந்த நிலைக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும், அதுவரை பார்க்க நன்றாகக் கொழுத்துத் திரியும் மான், எச்சில், மூத்திரம், புழுக்கை வழியாகப் பிரியானைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மண்ணில் விழுந்தது வருடக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். 2016-ல் நார்வேயின் காட்டு ரெயின்டீர்களிடம் இது தெரிந்ததும், பரவாமல் தடுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, அந்த மந்தை முழுவதையுமே கொன்றார்கள்.

அப்புறம், சூடு. குக்கருக்குள் சுமார் 120 டிகிரிதான் வரும். பிரியான் பட்ட அறுவைக் கருவிகளை மருத்துவமனைகளில் 134 டிகிரி நீராவியில் 18 நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள், இல்லையென்றால் காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு மணி நேரம். அடுப்பில் வேகவைப்பதையோ உப்புக்கண்டம் போடுவதையோ நம்பி இருக்க முடியாது.

சரி, இந்தக் கறியைத் தின்ற மனிதர்களுக்கு என்ன ஆனது? இதுவரை ஒருவருக்கும் இந்த நோய் வந்ததாக உறுதியாகவில்லை. 2005-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு விருந்தில் நோய் பிடித்த மானின் கறியைத் தெரியாமல் பரிமாறிவிட்டார்கள். அதில் கலந்துகொண்டவர்களை வருடக்கணக்கில் கவனித்தும் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. பிரிட்டனில் 1986-ல் கண்டறிந்த மாட்டுப் பித்து நோய் (மேட் கவ், இதுவும் பிரியானால் வருவது) மனிதருக்கும் வந்துவிட்டது என்று தெரியப் பத்து வருடம் ஆனது, அந்த நாட்டில் மட்டும் 170 பேருக்கு மேல் செத்தார்கள். பப்புவா நியூ கினியின் குரு நோயும் பிரியானால் வந்ததுதான், தொற்றி ஐம்பது வருடம் கழித்துக்கூடச் சிலருக்கு அது தலைகாட்டியது.

அதனால்தான் நோய் இருக்கும் மாநிலங்களில் வேட்டையாடியவர்கள் மானின் தலையைச் சோதனைக்குக் கொடுக்கிறார்கள். தொண்டையை ஒட்டி, தாடைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுவை அறுத்தெடுத்துப் பார்ப்பார்கள். பிரியான் இருந்தால் அந்தக் கறியை உண்ண வேண்டாம் என்பது அங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை. இல்லை என்று வந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது, தொற்று ஆரம்பத்தில் இருந்தால் சோதனையில் தப்பிவிடும்.

நம் காவிரி வடக்குச் சரணாலயத்தில் திரியும் புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இந்த நோய் இருப்பதாக இதுவரை தகவல் இல்லை, இந்தியாவிலேயே இல்லை. அதற்காக நாட்டுத் துப்பாக்கியால் சுட்டு ரகசியமாகக் கூறு போடும் கறியை வாங்கலாம் என்று ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது ஜெயிலுக்குப் போகிற குற்றம், அந்தக் கறியை எந்தக் கால்நடை மருத்துவரும் பார்த்திருக்கவும் மாட்டார். காட்டோரத்தில் மெலிந்து எச்சில் ஒழுக நிற்கும் மானையோ செத்துக் கிடக்கும் மானையோ பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், காரணம் வேறு எந்த நோயாகவும் இருக்கலாம்.

ஓசூரிலிருந்து வேலைக்காக விஸ்கான்சின், கொலராடோ என்று போன பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்: பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாக மான் கறி கொண்டுவந்து கொடுத்தால், சோதனை செய்ததா என்று முதலில் கேட்கட்டும்.